முதல் பாடம் முடியட்டும்

திருச்சானூருக்கும் திருப்பதிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டும் ஏகாம்பரம், அந்த வருஷம் தீபாவளி கழிந்ததிலிருந்து, ஏறுகிறவர்களை எல்லாம் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். தாயாரைச் சேவித்துவிட்டு நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஏறுகிறவர்களையும் விடவில்லை, லாட்ஜுக்கு வழி கேட்டு ஏறுகிற வெளியூர்க்காரர்களையும் விடவில்லை. கண்ணாடி போட்டவர் என்றால் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்வான். கால்குலஸ் சொல்லித்தர நல்ல மாஸ்டர் யாராவது தெரியுமா என்பதுதான் கேள்வி. அந்தச் சொல்லை மகளிடம் நாலைந்து தடவை சொல்லச் சொல்லி வாய்க்குப் பழக்கி வைத்திருந்தான்.

மகள் காவ்யா நகரிப் பக்கத்துக் கிராமத்தில் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். அங்கே கணக்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பரீட்சை முடிவு வந்த அன்று தலைமை ஆசிரியரே வீடு தேடி வந்து, படிப்பை நிறுத்தி இந்தப் பெண்ணைக் கிணற்றில் தள்ளிவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த காணியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பெண்டாட்டி ஜெயம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு திருச்சானூரில் ஒற்றை அறையில் குடியேறி, ஒரு தனியார் ஜூனியர் காலேஜில் பதினொன்றாவதுக்குக் கணக்கு குரூப்பில் அவளைச் சேர்த்தான்.

அங்கேதான் வினை பிடித்தது. புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. லெக்சரர் தெலுங்கில் சொன்னார், அதுவும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் போல. காவ்யாவுக்குத் தெலுங்கு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சந்தையில் விலை பேசவும் பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை போடவும் போதுமான தெலுங்கு அந்த எல்லையோரத்தில் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அந்தத் தெலுங்கு கணக்குப் பலகை முன்னால் உதவவில்லை. காலாண்டுப் பரீட்சையில் அவள் வாங்கிய மார்க்கைச் சொன்னால் அவளுக்கு மானக்கேடு, விட்டுவிடலாம். பிரின்ஸிபால் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு நிற்கவைத்துச் சொன்னார்: மார்ச் பரீட்சையிலும் தவறினால் கணக்கு குரூப் கிடையாது, வேறு குரூப்பில் மறுபடி முதல் வருஷத்திலிருந்து உட்காரட்டும்.

கணக்கை விட்டால் அந்தப் பெண்ணிடம் வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை. அன்றிலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜெயம்மா இரண்டு வாய் துன்னு என்று கெஞ்சினால் எழுந்து போய்விடுவாள். திட்டவும் முடியவில்லை, தேற்றவும் தெரியவில்லை. ஆட்டோ இஞ்சின் இருமினால் எந்த இடத்தில் கோளாறு என்று ஏகாம்பரம் சொல்லிவிடுவான். மகள் தலை குனிந்திருக்கிறாளே, அந்தக் கோளாறு எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

திருப்பதியில் மாஸ்டர்களுக்குப் பஞ்சமா? சுவரெல்லாம் ரேங்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள்தான். பெரிய பேர் வாங்கிய ஒரு இடத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனான். டியூஷனில் சேரவே ஒரு பரீட்சை வைத்தார்கள். அதில் காவ்யா தவறினாள். பாஸாகத் தெரிந்த பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு பாஸாக்குவது என்ன வித்தையோ, அதற்கு வாசலில் அத்தனை பெரிய போர்டு. இன்னொருவர் சேர்த்துக்கொண்டார், ஆனால் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது, நாலு விடையில் சரியானதை எப்படிப் பொறுக்குவது என்பதை மட்டும் கற்றுக்கொள் என்றார். காவ்யா ஒரு வாரம் போய்விட்டு நின்றுகொண்டாள். செல்போனில் சொல்லித்தருகிற ஒருத்தியையும் பார்த்தார்கள். அந்த அம்மாள் இங்கிலீஷில் சிரித்துச் சிரித்துப் பேசினாள், அவ்வளவுதான். இவர்களில் யார் நல்லவர், யார் சோடை என்று பிரித்துப் பார்க்க ஏகாம்பரத்திடம் எந்த அளவுகோலும் இல்லை. எல்லாரும் சட்டையை இன் செய்திருந்தார்கள்.

கடைசியில் ஒரு பிரயாணிதான் வழி சொன்னார். பேங்கில் வேலை பார்க்கிறவர், கேள்வியைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. சித்தூரில் பாலசுந்தரம் சார் என்று ஒருவர், நம் தமிழ்க்காரர், அவரிடம் ஒரே ஒரு வருஷம் படித்ததை இன்றைக்கும் மறக்கவில்லை, கால்குலஸ் என்றால் அவர்தான் என்று இறங்கும் இடம் தாண்டியும் பேசிக்கொண்டே வந்தார். அவரை நேரில் பார்த்து வருஷக்கணக்கில் ஆகிறது என்றும் சொல்லத்தான் செய்தார். அது ஏகாம்பரத்தின் காதில் ஏறவில்லை. மாஸ்டர் எப்படிச் சொல்லித்தருவார் என்று ஆயிரம் கேட்டவன், மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் கொடுத்த நம்பரில் போனை எடுத்தது சாரின் மனைவி தேவசேனா. விஷயத்தைச் சொன்னதும் என்ன பாடம் என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றாள்.

சித்தூர் கட்டமஞ்சியில் ஒரு சந்துக்குள் வீடு. நம் பக்கத்தில் பிள்ளையை வாத்தியாரிடம் விடும்போது வெறுங்கையோடு போகிற வழக்கம் இல்லை. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், ஒரு வேட்டி துண்டு என்று தாம்பாளத்தை நிரப்பிக்கொண்டு போனான் ஏகாம்பரம். பாலசுந்தரத்துக்கு நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நெற்றி ஓரத்தில் ஒரு தழும்பு, மற்றபடி திடகாத்திரமான ஆள். காவ்யாவிடம் பேர் என்ன, எந்த ஊர் என்று அன்பாக விசாரித்தார். தாம்பாளத்தை நீட்டியதும் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"இப்ப வேணாம். மொதல் பாடம் முடியட்டும். பொண்ணுக்கு புரிஞ்சுதுன்னா அப்புறம் வாங்கிக்கறேன். அது என் வழக்கம்."

ஏகாம்பரத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திருப்பதியில் வாசல்படி மிதிக்கும் முன்பே ரசீது கிழிக்கிறவர்களைப் பார்த்து வந்தவன் அல்லவா. பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் சாருக்குப் பிடிக்காது என்று தேவசேனா அவனை நாசூக்காக வெளியே அனுப்பினாள். சந்து முனையில் டீக்கடை இருந்தது. அங்கே போய் உட்கார்ந்தான்.

திரும்பும் பஸ்ஸில் காவ்யா பேசினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு தானாகப் பேசினாள். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் வளர்கிறார் அல்லவா, முன்பு செய்த வெள்ளிக் கவசம் இப்போது பொருந்துவதில்லை அல்லவா, அதை வைத்துத்தான் சார் சொன்னாராம். சன்னிதியில் நின்று உற்றுப் பார்த்தால் அவர் வளர்வது தெரியாது. வருஷம் கழித்துப் பார்த்தால் தெரியும். அப்படியானால் இந்த நொடியில், நாம் கையெடுத்துக் கும்பிடுகிற இந்த நொடியில், அவர் என்ன வேகத்தில் வளர்கிறார்? அதைக் கேட்கத்தான் கால்குலஸ் வந்தது. வருஷத்தை மாதமாக்கு, மாதத்தை நாளாக்கு, இடைவெளியைச் சின்னதாக்கிக்கொண்டே போ, பூஜ்யத்துக்குக் கிட்டே போ, ஆனால் தொடாதே. இதுதான் லிமிட்.

"இத்தினி நாளா இத ஏன் நைனா யாரும் சொல்லல?" என்று கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஏகாம்பரம் பார்த்தான். அவனுக்குப் பிள்ளையார் வளர்வது தெரியும், லிமிட் தெரியாது. ஆனால் மகள் அன்று ராத்திரி தட்டைக் காலி செய்தாள். அது போதாதா?

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சித்தூர்தான். ஒவ்வொரு தடவையும் தாம்பாளம் கொண்டுபோவான், ஒவ்வொரு தடவையும் சார் முதல் பாடம் முடியட்டும் என்று அதே சிரிப்போடு தடுப்பார். பீஸ் என்று தேவசேனாவிடம் ஆரம்பித்தால், அப்புறம் பார்க்கலாம் அண்ணா என்று பேச்சை மாற்றிவிடுவாள். ஒவ்வொரு வாரமும் சார் காவ்யாவிடம் பேர் என்ன, எந்த ஊர் என்று விசாரிப்பதை வாசலில் நின்று கேட்டிருக்கிறான். பெரிய மனிதர்கள் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டான். ஜெயம்மாவிடமும் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடமும் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தான். காவ்யா முதல் வாரம் போல் பஸ்ஸில் பேசுவதில்லை என்பது அவனுக்கு உறைக்கவில்லை. பாடம் ஏற ஏறப் பிள்ளைகள் அமைதியாவார்கள் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தான்.

பொங்கல் கழிந்த ஞாயிறு டீக்கடை மூடிக் கிடந்தது. பிசுபிசுவென்று தூறல் வேறு. ஏகாம்பரம் திரும்பி வந்து சாரின் வீட்டு ஜன்னலை ஒட்டிச் சுவரோரமாக நின்றான். உள்ளே சாரின் குரல் கணீரென்று கேட்டது.

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் வளர்றாரு, தெரியுமா உனக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய பாடத்தை ஞாபகப்படுத்துகிறார் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் சார் கவசத்துக்கு வந்தார், சன்னிதிக்கு வந்தார், வருஷத்தை மாதமாக்கினார், மாதத்தை நாளாக்கினார். ஒவ்வொன்றையும் அப்போதுதான் தோன்றியது போல, ரசித்து, புதிதாகச் சொன்னார். இது வரைக்கும் உனக்கு யாரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றார். ஏகாம்பரம் எட்டிப் பார்த்தான். காவ்யா தரையில் உட்கார்ந்து, முதல் தடவை கேட்கிறவள் போலக் கண்ணை அகல வைத்துக்கொண்டு, சரிங்க சார், சரிங்க சார் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

தூறலில் நனைந்தபடி அங்கேயே நின்றான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கினான். பிறகு, "எத்தினி வாரமா இதையே சொல்லிக்கினு இருக்காரு?" என்று கேட்டான்.

காவ்யாவுக்கு ஒளிக்க எதுவும் இல்லாமல் போயிற்று. முதல் வாரத்திலிருந்தே என்றாள். சில வருஷம் முன்னால் ஸ்கூட்டரில் போன சார் மேல் லாரி மோதி, தலையில் அடியாம், சாரின் மனைவிதான் சொன்னாளாம். அடிபடுவதற்கு முன்னால் நடந்தது, படித்தது எல்லாம் அப்படியே இருக்கிறது. பிறகு நடப்பது எதுவும் நிற்பதில்லை. ஒரு மணி நேரம் பாடம் சொன்னால் தலைவலி வந்து படுத்துவிடுவார், எழுந்தால் துடைத்துவிட்டது போல. ஒவ்வொரு ஞாயிறும் காவ்யா அவருக்குப் புதுப் பெண்.

அடுத்த பாடம் எடுக்கச் சொல்ல வேண்டியதுதானே என்றான் ஏகாம்பரம். கால்குலஸ் பூராவும் அவர் தலைக்குள்தானே இருக்கிறது.

அங்கேதான் முடிச்சு. பாலசுந்தரம் சாருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே ஒரு பிடிவாதம்தான். லிமிட்டைத் தானே சொல்லித்தராத பிள்ளைக்கு அவர் அடுத்த பாடம் எடுக்கவே மாட்டார். வேறு யாரிடம் படித்திருந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார், அஸ்திவாரம் என் கையால் போட வேண்டும் என்பார். அந்தப் பிடிவாதமும் அடியில் சிதறாமல் அப்படியே தங்கிவிட்டது. ஒரு வாரம் காவ்யா துணிந்து, போன வாரம் நீங்கதானே சார் இதைச் சொல்லித் தந்தீர்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"அப்பிடியே நின்னுட்டாரு நைனா. சாக்பீஸ கீழ வச்சிட்டாரு. அந்தம்மா மொகத்தப் பாத்தாரு, அப்புறம் உள்ள போயி செவுத்தப் பாத்துக்கினு உக்காந்துட்டாரு. அன்னிக்கி அந்தம்மா ஏன் சொன்னேன்னுகூட என்னான்ட கேக்கல. ஆனா நான் அத மறுபடி சொல்ல மாட்டேன்."

அப்படியானால் இத்தனை வாரம் ஏன் போனாய், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க நினைத்தான். அவளே சொன்னாள்.

"நீ ஸ்டாண்ட்ல எல்லாருக்கும் சொல்லிக்கினு இருந்த. அதுவுமில்லாம, அவரு சொல்றது ஒண்ணுதான் நைனா எனக்கு புரியுது."

அடுத்த ஞாயிறு அவன் தனியாகப் போய் தேவசேனாவை வாசலில் பிடித்தான். நன்றாகச் சண்டை போட்டுவிட வேண்டும் என்று வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தான். என் பெண்ணின் வருஷத்தைத் தின்றுவிட்டாயே என்று கேட்க வேண்டும் என்று இருந்தான். அவள் அவனைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். முந்தானையைக் கையில் சுருட்டியபடி நின்றாள்.

"தப்புதாண்ணா. மொத நாளே சொல்லியிருக்கணும். அவரு பாடம் சொல்ற அந்த ஒரு மணி நேரந்தான் எங்க வீட்ல பழைய ஆளா இருக்காரு. உங்க பொண்ணு வர்ற அன்னிக்கி எனக்கும் புருசன் இருக்காரு. அதான் காசு வாங்க மனசு வர்ல."

கோபப்படவும் எதிரில் ஒரு ஆள் வேண்டுமே. அவள்மேல் கோபப்பட முடியவில்லை, உள்ளே படுத்திருந்தவர்மேல் பட முடியவில்லை. லாரிக்காரன் யார் என்றே தெரியாது. ஏகாம்பரம் அந்த வாசல்படியில் உட்கார்ந்து, பெண்பிள்ளை முன்னால் அழக் கூடாது என்ற நினைப்புகூட இல்லாமல் அழுதான்.

மார்ச் வந்துகொண்டிருந்தது. வேறு மாஸ்டர் தேடினான். எல்லாரும் பரீட்சை நேரத்தில் புதுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டோவில் பழையபடி கேட்டான். இப்போது யாராவது பேர் சொன்னால், ஆள் நன்றாக இருக்கிறாரா, நேற்று நடந்தது ஞாபகம் இருக்கிறதா என்று விசாரித்து, ஏறியவர்களை மிரளவைத்தான். காவ்யா தானாகவே புத்தகத்தோடு மல்லாடினாள். லிமிட் வரை அவளை யாரும் அசைக்க முடியாது. அதைத் தாண்டிய பக்கத்தில் இங்கிலீஷ் சுவர் போல நின்றது. ஞாயிற்றுக்கிழமை வந்தால், போகலாம் நைனா என்பாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வேறு இடம் இல்லை. போனார்கள். அவளும் பேர் சொன்னாள், ஊர் சொன்னாள், பிள்ளையார் வளர்வதைக் கேட்டு ஆச்சரியப்பட்டாள்.

பரீட்சை எழுதிவிட்டு வந்து லிமிட் கேள்விகள் எல்லாம் சரி என்று மட்டும் சொன்னாள். மற்றதை அவன் கேட்கவில்லை. ஏப்ரலில் முடிவு வந்தது. பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. கொஞ்சம் என்பதற்குப் பரீட்சையில் மதிப்பு உண்டா என்ன? மே மாதம் சப்ளிமென்டரி எழுதலாம், அதிலும் போனால் பிரின்ஸிபால் சொன்னதுதான். காவ்யா அழவில்லை. அப்பனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு லிமிட் வரும் நைனா. அதுக்கப்பால சொல்லித்தர யாருனா பாரு. சார் வீட்டுக்கு இனிமே வேணாம்."

பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. மகளுக்கு ஒரு பாடமாவது புரியவைத்த வாத்தியார், அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிடுவது முறையில்லை. தாம்பாளத்தை மறுபடி நிரப்பினான். இந்தத் தடவை புது வேட்டி, சரிகைக் கரை போட்டது. இத்தனை நாள் ஏற்காததை இன்று எப்படியும் ஏற்கவைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டு, இனிமேல் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். பொழுது விடியும் முன்பே பஸ் ஏறினான்.

கதவைத் திறந்த தேவசேனா அவன் முகத்தைப் பார்த்து முடிவை ஊகித்துக்கொண்டாள். ஒதுங்கி வழிவிட்டாள். சார் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, தாம்பாளத்தைப் பார்த்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"வாங்க, வாங்க. பொண்ணா, பையனா?"

ஏகாம்பரம் வாயைத் திறந்தான். வரமாட்டோம் என்ற வார்த்தை வழி நெடுகக் கூட வந்ததுதான். வாசல்படி தாண்டி உள்ளே வரவில்லை.

"பொண்ணு சார்," என்றான். "கால்குலஸ் வர்ல சார் அதுக்கு."

"அதுக்கா இப்பிடி மொகத்த தொங்கப் போட்டுக்கினு வந்தீங்க? அது ஒண்ணும் பெரிய விசயமில்ல. ஞாயித்துக்கிழம இட்டுக்கினு வாங்க. நான் பாத்துக்கறேன்."

எத்தனை மாஸ்டர்களைப் பார்த்தான், ஒருவர் வாயிலிருந்தும் இந்த வார்த்தை வந்ததில்லை. எல்லாம் தெரிந்தும் ஏகாம்பரத்தின் நெஞ்சு முதல் நாள் போலவே குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியை அவனால் தாங்கவே முடியவில்லை. இந்த மனிதர் பார்த்துக்கொள்வார், இவர் சொன்னால் சரியாகிவிடும் என்று பாழும் மனது நம்பியது. கை தானாகத் தாம்பாளத்தை நீட்டியது.

சார் சிரித்துக்கொண்டே கையைக் காட்டித் தடுத்தார்.

"இப்ப வேணாம். மொதல் பாடம் முடியட்டும்."

தேவசேனா கதவோரத்தில் தரையைப் பார்த்தபடி நின்றாள். ஏகாம்பரம் தாம்பாளத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, சரிங்க சார் என்றான்.